மலையில் எடுத்த வீடியோ: ஆட்டமும் நாய்ஸும் நீக்கும் மென்பொருளைச் சோதிப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கல்யாண வீடியோ, ஹோம்ஸ்டே விளம்பரம், பயண சேனல் என்று எடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் மலைப்பகுதியின் வெளிச்சத்தையும் மூடுபனியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சமவெளியில் நன்றாக வேலை செய்யும் சில அமைப்புகள் இங்கே சொதப்பும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை இன்ஸ்டால் செய்வது?

ஆட்டத்துக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா என்றால் ஜைரோஃப்ளோ, அதுவும் இலவசம்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இவை இரண்டுக்கும் உள்ளே ஓடுவது விட்ஸ்டாப் என்ற ஒரே நிரல், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடோபி பிரீமியர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதிலுள்ள வார்ப் ஸ்டெபிலைசரிலேயே (ஸ்டெபிலைசர் என்றால் ஆட்டத்தை நீக்கும் கருவி) இருக்கலாம்.

நாய்ஸ், அதாவது இருட்டில் எடுத்த படத்தில் பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகள், வேறு விஷயம். ரிசால்வின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது, ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. ஆட்டத்துக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, நாய்ஸுக்காகச் செலவழிக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ரிசால்வ் ஸ்டூடியோ, நாய்ஸ் நீக்கும் செருகுநிரலான நீட் வீடியோ இரண்டும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா தேவையில்லை.

விளம்பர வீடியோவில் அற்புதமாக இருக்கிறது. நம் கிளிப்பில் மட்டும் ஏன் காட்சியே நெளிகிறது?

விளம்பரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்வது நல்ல வெயில், கூர்மையான கட்டட விளிம்பு, எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே தூரம். மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் எளிதில் அடையாளம் தெரியும் புள்ளிகளைப் பிடித்து, அடுத்த பிரேமில் அவை எங்கே போயின என்று தேடுகிறது. பெரும்பாலான புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்ந்தனவோ அதுதான் கேமராவின் ஆட்டம் என்று முடிவு கட்டி, எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இந்தக் கணக்கின் அடிப்படையே மலையில் ஆட்டம் காணும். மூடுபனியில் பிடிக்கப் புள்ளியே இல்லை. பக்கத்தில் தேயிலைச் செடி, தூரத்தில் மலை என்றால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. அருவியில் தண்ணீர் நகர்வதையே கேமரா நகர்வதாக எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சோதனைக்கு எந்த மாதிரிக் கிளிப் எடுக்க வேண்டும்?

ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி போதும், ஆனால் கஷ்டமானவையாக இருக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது யாரும் எடுக்காத ஒன்று: ட்ரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, மூடுபனி நகர்ந்து போகும் காட்சி. தொட்டபெட்டாவிலோ கோக்கர்ஸ் வாக்கிலோ கால் மணி நேரம் காத்திருந்தால் கிடைத்துவிடும். இதை ஸ்டெபிலைசருக்குக் கொடுங்கள். கேமரா ஆடவே இல்லை, ஆகையால் அது ஒன்றும் செய்யக் கூடாது. எதிர்மலை முகடு மெல்ல மிதக்க ஆரம்பித்தால் அந்த மென்பொருள், குறைந்தபட்சம் அந்த அமைப்பு, பனியைப் பார்த்து ஏமாறுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையில் தோற்றதை மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை.

அடுத்து, தேயிலைப் பாத்திக்கு நடுவே நடந்தபடி ஒன்று, ரயில் ஜன்னலில் ஒன்று, டெலி லென்ஸில் எதிர் முகட்டைக் கையில் பிடித்து ஒன்று, இருட்டிய பின் கடைத்தெருவில் ஒன்று.

நாய்ஸுக்குத் தனியாக ஒரு ஜோடி வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கூடை காய்கறி, ஒரு கம்பளி, எழுத்து அச்சிட்ட ஒரு பை ஆகியவற்றை மேஜையில் வைத்து, ட்ரைபாடில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/25 என்று ஒருமுறை எடுங்கள். எதையும் நகர்த்தாமல் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/1600 என்று மறுமுறை. ஐஎஸ்ஓ 64 மடங்கு, ஷட்டரும் 64 மடங்கு வேகம், ஆகவே வெளிச்சம் ஒன்றே. முதல் கிளிப்தான் உண்மை. இரண்டாவதை நாய்ஸ் நீக்கியபின் முதலாவதோடு ஒப்பிட்டால் கம்பளி நூல் எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்துவிடும். பல்பு வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள், 1/1600-இல் மின்விளக்கு மினுக்கும்.

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது?

முதலில் எல்லா மென்பொருளுக்கும் கிராப், அதாவது ஆட்டத்தைச் சரிசெய்யப் படத்தின் ஓரத்தை வெட்டுவது, ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று 5% வெட்டி, மற்றொன்று 20% வெட்டினால், அதிகம் வெட்டியதுதான் வழவழப்பாகத் தெரியும். அது நியாயமான போட்டி இல்லை.

அதன்பின் நடுப்பகுதியைப் பார்க்காமல் நான்கு மூலைகளைப் பாருங்கள். நெளிவு அங்கேதான் முதலில் தெரியும். நேர்க்கோடு உள்ள பொருள் ஒன்றின் மேல் கண் வைத்துக்கொள்ளுங்கள், சில்வர் ஓக் மரம், மின்கம்பம், எஸ்டேட் லயன் வீட்டுக் கூரை எதுவானாலும் சரி. அது வளைந்து நிமிர்ந்தால் வாடிக்கையாளர் காரணம் தெரியாமலேயே முகம் சுளிப்பார். போனில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மண்டபத்தில் பெரிய டிவியில் போடும்போது எல்லாம் வெளியே வந்துவிடும்.

மூடுபனிக் காட்சியில் என்ன அமைப்பு மாற்ற வேண்டும்?

விட்ஸ்டாப்பில் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் என்று ஓர் அளவு உண்டு. 0.3-க்குக் கீழே கான்ட்ராஸ்ட் உள்ள பகுதிகளை அது கணக்கில் எடுக்காது. எஃப்எஃப்எம்பெக் (கட்டளை எழுதி இயக்கும் இலவச வீடியோ நிரல்) வழியாக ஓட்டுபவர்கள் இதை 0.1 அல்லது 0.15 வரை இறக்கிப் பார்க்கலாம். இறக்கினால் பனியின் ஓரங்களையும் பிடிக்கத் தொடங்கும் அபாயம் உண்டு, அதற்குத்தான் மேலே சொன்ன ட்ரைபாட் சோதனை.

இதைவிட நம்பகமான வழி, கண்டுபிடிக்கும் வேலையைக் கணினியிடம் விடாமல் நாமே காட்டிக்கொடுப்பது. ரிசால்வின் டிராக்கரில் ஸ்டெபிலைசரைப் பழைய முறைக்கு மாற்றினால், நாம் வைக்கும் புள்ளியை மட்டும் பின்தொடரச் சொல்லலாம். பாறை, கம்பம், கைப்பிடிச் சுவர் என்று பனி மறைக்காத ஒன்றில் வையுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வார்ப் ஸ்டெபிலைசரில் டிராக் புள்ளிகளைக் காட்டச் சொல்லி, பனிமேல் விழுந்தவற்றை வளைத்துத் தேர்ந்து அழித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, விளைவு பத்து மடங்கு மேல்.

இன்னொரு தந்திரம்: கிளிப்பின் நகலில் கான்ட்ராஸ்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றி, அதில் ஆட்டத்தைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை அசல் கிளிப்பில் பொருத்துவது. விட்ஸ்டாப் இரண்டு கட்டமாக வேலை செய்து, கணக்கைத் தனிக் கோப்பாக எழுதுவதால் இது அதில் சுலபம்.

மலை ரயிலில் எடுத்தது ஜெல்லி மாதிரி அசைகிறது. எதிலும் சரியாகவில்லையே?

இதில் மூன்று கோளாறு ஒன்றாகச் சேர்கின்றன, தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, ஜன்னல் சட்டம். பிரேமுக்குள் சட்டம் தெரிந்தால் அதுதான் படத்திலேயே கூர்மையான பொருள். மென்பொருள் அதைப் பிடித்து நிறுத்தி, வெளியே உள்ள பள்ளத்தாக்கை ஆட்டிவிடும். சட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்தப் புதுக் கிளிப்பை ரெண்டர் செய்து, அதன்மேல் ஸ்டெபிலைசர் போடுங்கள்.

இரண்டு, ஜெல்லி. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளத்தில் வரும் அதிர்வு மிக வேகமானது. மேல்வரி படிக்கப்பட்டபோது இருந்த இடம் வேறு, கீழ்வரியின்போது வேறு. பிரீமியரில் ரோலிங் ஷட்டர் என்பதை மேம்பட்ட குறைப்புக்கு மாற்றினால் ஓரளவு அடங்கும். முழுதாகப் போகாது. எடுக்கும்போதே முழங்கையை ஜன்னல் மரத்தில் ஊன்றாமல், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டால் பாதி அதிர்வை உடம்பே வாங்கிக்கொள்ளும். சக்‌ஷன் கப் வைத்துக் கேமராவைப் பெட்டியோடு ஒட்டுவது நிலையானது போலத் தோன்றும், ஆனால் என்ஜின் அதிர்வு முழுவதும் நேராக சென்சாருக்குப் போகும். இங்கே அதுதான் ஆக மோசமான வழி.

மூன்று, சுரங்கம். மேட்டுப்பாளையம்–ஊட்டிப் பாதையில் 16 சுரங்கங்கள். இருட்டுக்குள் போனதும் எல்லாப் புள்ளியும் தொலைந்து, வெளியே வந்ததும் படம் துள்ளும். ஆராயக் கொடுப்பதற்கு முன்பே சுரங்க வாயில்களில் கிளிப்பை வெட்டித் தனித்தனித் துண்டாக்கிவிடுங்கள்.

ஸ்மூத்திங், அதாவது அசைவை எவ்வளவு வழவழப்பாக்குவது என்ற அளவையும் குறைவாக வையுங்கள். ரயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதிகம் வைத்தால் மென்பொருள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் இழுத்து, பிறகு சட்டென்று தாவும்.

ஜைரோஃப்ளோ நன்றாக இருக்கிறது என்கிறார்களே, வேறுபாடு என்ன?

ஆட்டத்தை அறிய அது படத்தைப் பார்ப்பதே இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ சென்சார் எழுதிய சுழற்சிக் கணக்கை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் பனி, இருட்டு, அருவி எதுவும் அதைக் குழப்பாது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை, உங்கள் கேமரா ஜைரோ கணக்கைப் பதிவு செய்தால். கோப்ரோ ஹீரோ 5 முதல் வந்தவற்றில் உண்டு. டிஜேஐ, இன்ஸ்டா360, சோனி கேமராக்கள் பலவற்றிலும் உண்டு.

கேமராவின் சொந்த ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். லென்ஸோ சென்சாரோ உள்ளே அசையும் வகை இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். அது எவ்வளவு அசைந்தது என்று ஜைரோவுக்குத் தெரியாது, கணக்கு ஒட்டாது. ஜைரோஃப்ளோவில் சரியான லென்ஸ் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள், தவறானதைப் போட்டால் ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். பிறகு நேர ஒத்திசைவைப் பாருங்கள்: ஜைரோ கோடும் படத்தின் அசைவுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். சில பிரேம் தள்ளியிருந்தால் ஆட்டம் குறைவதற்குப் பதில் இரட்டிக்கும்.

ஜைரோஃப்ளோவால் முடியாதவை இரண்டு. ஜைரோ சுழற்சியை அளக்கும், மேலும் கீழுமாக நகர்வதை அளக்காது. நடையின் துள்ளல் தூரத்து மலையில் தெரியாது, கையெட்டும் தூரத்துத் தேயிலைக் கொழுந்தில் அப்படியே இருக்கும். அடுத்து, வண்டிக்குள்ளே எடுப்பது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஹெல்மெட்டில் கேமரா வைத்தால் சாலை அழகாக நிற்கும். ஆனால் ஜைரோ உலகத்தை நிறுத்துகிறது, வண்டியை அல்ல. ஹேண்டில்பாரும் காரின் டேஷ்போர்டும் ஊஞ்சலாடும். பயணிகள் பேசுவதைக் காருக்குள் எடுக்கிறீர்கள் என்றால் படம் பார்த்துச் சரிசெய்யும் மென்பொருளே மேல்.

தேயிலைத் தோட்டத்தில் நடந்தபடி எடுத்தது. வார்ப் ஸ்டெபிலைசர் போட்டதும் செடிகள் மூச்சு விடுவது போல் இருக்கிறது.

இயல்பாக அது சப்ஸ்பேஸ் வார்ப் என்ற முறையில் இருக்கும். படத்தைத் துண்டு துண்டாக வளைக்கும் முறை அது. அதை இடம், அளவு, சுழற்சி மட்டும் திருத்தும் முறைக்கு மாற்றுங்கள். ஸ்மூத்னஸ் 50% என்று வரும், 10 முதல் 20-க்குள் வையுங்கள். கொஞ்சம் ஆட்டம் மிஞ்சும், மிஞ்சட்டும். நடப்பது நடப்பது போல் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விட்ஸ்டாப்பில் ஸ்மூத்திங் 10 என்றால் முன்னும் பின்னும் பத்துப் பத்தாக மொத்தம் 21 பிரேம்களைச் சராசரி எடுக்கிறது. விநாடிக்கு 25 பிரேம் என்றால் அது ஒரு விநாடிக்கும் குறைவு. நடைக்கு 25–30 வரை ஏற்றலாம்.

பிரீமியரில் ஒரு குறிப்பு: கிளிப்பின் வேகத்தை மாற்றியிருந்தாலோ, கிளிப் அளவும் சீக்வென்ஸ் அளவும் வேறாக இருந்தாலோ வார்ப் மறுத்துவிடும். முதலில் நெஸ்ட் செய்துவிட்டு (கிளிப்பைத் தனி சீக்வென்ஸுக்குள் வைத்து) அதன்மேல் போடுங்கள்.

எவ்வளவு கிராப் வரை தாங்கும்?

1920×1080 கிளிப்பில் 10% வெட்டினால் 1728×972 மிஞ்சும். அதைப் பெரிதாக்கிக் காட்டினால் பெரும்பாலோர் கண்டுபிடிக்க மாட்டார்கள், 20% தாண்டினால் தெரியும். 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் பாதி அகலம் வரை வெட்டினாலும் இழப்பில்லை.

இருட்டில் எடுத்ததில் ஆட்டம் போய்விட்டது, ஆனால் படம் விட்டு விட்டு மங்குகிறது. ஏன்?

கேமரா ஆடிய நேரத்தில் ஷட்டர் திறந்திருந்தால் அந்தப் பிரேம் ஏற்கெனவே இழுபட்டுப் பதிவாகிவிட்டது. ஸ்டெபிலைசர் இடத்தைத்தான் சரிசெய்யும், இழுபட்டதைக் கூர்மையாக்காது. முன்பு ஆட்டத்தோடு சேர்ந்து வந்ததால் கண்ணுக்கு உறுத்தவில்லை, இப்போது அசையாத படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஸ்மூத்திங்கைக் குறைத்துக் கொஞ்சம் ஆட்டத்தைத் திரும்ப விடுவதுதான் மருந்து.

அடுத்த முறைக்கு: பின்னால் ஸ்டெபிலைஸ் செய்யப் போகிறோம் என்று தெரிந்தால் ஷட்டர் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 இரண்டிலும் ட்யூப்லைட் மினுக்காது. ஐஎஸ்ஓ இரட்டிக்கும், நாய்ஸ் கூடும். நாய்ஸை நீக்கலாம், இழுபட்டதை நீக்க முடியாது, ஆகவே எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

முதலில் நாய்ஸா, ஆட்டமா?

நாய்ஸ் முதலில். ஸ்டெபிலைசர் பிரேமைத் திருப்பி, பெரிதாக்கி, பிக்சலைக் கலக்கிவிடுகிறது. அதன்பின் நாய்ஸின் அளவும் வடிவமும் பிரேமுக்குப் பிரேம் மாறும், நீக்கும் மென்பொருள் தடுமாறும். சென்சாரில் செத்த பிக்சல் ஒன்று இருந்தால் இன்னும் மோசம். அசலில் அது ஒரே இடத்தில் நிற்கும், ஸ்டெபிலைஸ் செய்தபின் மின்மினி மாதிரி அலையும். லென்ஸில் விழுந்த மழைத்துளிக்கும் இதே கதி.

போன் வீடியோ என்றால் இவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. போன்கள் பிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 அல்லது 30 பிரேமுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் உதடும் குரலும் ஒட்டாது.

நாய்ஸ் நீக்கியதும் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் ஆகிவிடுகிறது. என்ன தவறு?

ஒரே பிரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும் முறையை அதிகம் போட்டிருப்பீர்கள். அதற்கு இலையின் நரம்பும் நாய்ஸும் ஒன்றுதான். முன்பின் பிரேம்களை ஒப்பிடும் முறை இலையை விட்டுவைக்கும்: இலை எல்லாப் பிரேமிலும் இருக்கிறது, நாய்ஸ் ஒவ்வொன்றிலும் வேறு. நான்கு பிரேமைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும். அதையும் கண்டபடி ஏற்ற முடியாது. காற்றில் இலை ஆடினாலோ ஆள் நடந்தாலோ பின்னால் நிழல் மாதிரி ஒரு தடம் இழுபடும்.

ரிசால்வ் ஸ்டூடியோவில் தொடங்க ஒரு வழி: முன்பின் பிரேம் 2, அசைவுக் கணிப்பு உயர்தரம், ஒளி அளவையும் நிற அளவையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றுங்கள். நிற நாய்ஸை, அதாவது இருட்டில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக வருவதை, தாராளமாக நீக்கலாம், கண்ணுக்கு இழப்பே தெரியாது. ஒளி நாய்ஸை மட்டும் சிக்கனமாக. மெல்லிய கிரெய்ன் (நுண்புள்ளி) மிஞ்சினால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்யாண வீடியோவில் மணப்பெண் முகம் மெழுகு பொம்மை ஆவதைவிட அது எவ்வளவோ மேல்.

நீட் வீடியோவில் விவரமில்லாத சமதளப் பகுதி ஒன்றைக் காட்டி நாய்ஸ் மாதிரி எடுக்க வேண்டும், குறைந்தது 128×128 பிக்சல் இருந்தால் நல்லது. ஸ்டெபிலைசருக்கு எதிரியான மூடுபனி இங்கே உதவிக்கு வரும். வெளுத்துப்போன வெள்ளைப் பகுதியை மட்டும் காட்டாதீர்கள், அங்கே நாய்ஸ் இருக்காது.

அளவு சரியா என்று அறிய ஒரு சோதனை: அசலையும் நீக்கியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடில் போட்டு, வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள். வெறும் புள்ளி மட்டும் தெரிந்தால் சரி. செடியின் விளிம்போ முகத்தின் கோடோ தெரிந்தால், நாய்ஸோடு படத்தையும் சேர்த்து எறிகிறீர்கள்.

நாய்ஸ் போன பிறகு பனி வானத்தில் பட்டை பட்டையாக வருகிறதே?

8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். பனி மூடிய பள்ளத்தாக்கு அதில் ஒரு 40 படிக்குள் அடங்கிவிட்டால், 1920 பிக்சல் அகலத்தில் ஒரு பட்டைக்கு 48 பிக்சல் வரும். நாய்ஸ் இருந்தவரை படிகளின் எல்லை கலைந்து தெரியாமல் இருந்தது. முடிந்தால் 10 பிட்டில் எடுங்கள். இல்லையென்றால் எல்லாம் முடிந்த பிறகு மிக மெல்லிய கிரெய்னைத் திரும்பச் சேருங்கள். கஷ்டப்பட்டு நீக்கியதைத் திரும்பச் சேர்ப்பதா என்று தோன்றும், ஆனால் வழி அதுதான்.

ஏஐ மென்பொருட்கள் இவை எல்லாவற்றையும் தாமே செய்யும் என்கிறார்களே?

சில கிளிப்பில் நிஜமாகவே நன்றாகச் செய்கின்றன. ஆனால் அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. தூரத்துக் கூட்டத்தில் இருக்கும் சின்ன முகம் வேறொருவர் முகம் ஆகலாம். காட்டுயிர்ப் பதிவுக்கும் ஆவணப் பதிவுக்கும் வேண்டாம். ரிசார்ட் விளம்பரத்துக்குப் போடலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த கிளிப்பைச் சரிசெய்ய முடியுமா?

அதில் இருப்பது சென்சார் நாய்ஸ் அல்ல, சுருக்கியதால் வந்த கட்டங்கள். அசலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை போகும்.

படம் முழுக்கப் புகைமூட்டமாக இருக்கிறது. இதுவும் நாய்ஸா?

லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். குளிரில் இருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டு வந்தால் படியும். மென்பொருளால் ஆகாது. பையை மூடியே வைத்து அரைமணி நேரம் அறைச் சூட்டுக்குப் பழகவிட்டுப் பிறகு திறவுங்கள்.

காற்றுச் சத்தத்தையும் இவை நீக்குமா?

நீக்காது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் உறுமல் குறையும். மைக்கை அடித்து உடைந்த ஒலி மீளாது. மைக்குக்கு ரோம உறை ஒன்று வாங்குங்கள்.

ரெண்டர் ஓடும்போது கரன்ட் போனால் எல்லாம் போய்விடுகிறது. வழி உண்டா?

மழைக்காலத்தில் மலையில் இது தினசரிக் கதை. எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், பாதியில் நின்றால் அதுவரை ஓடியது பெரும்பாலும் திறக்காது. எஃப்எஃப்எம்பெக், ஷாட்கட், கேடென்லைவ் பயன்படுத்துபவர்கள் எம்கேவியாக எழுதட்டும். நின்ற இடம் வரை கிடைக்கும், மிச்சத்தை அங்கிருந்து ஓட்டி ஒட்டலாம். நாய்ஸ் நீக்கம்தான் அதிக நேரம் தின்பது, அதனால் அதைத் தனியாக, பிரேம் பிரேமாகப் படக்கோப்புகளாக எழுதிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. 4,312-ஆம் பிரேமில் கரன்ட் போனால் 4,312-இல் இருந்து தொடங்கலாம். கடைசியாக எழுதிய ஒரு படம் பாதியில் சிதைந்திருக்கும், அதை மட்டும் அழித்துவிடுங்கள். டிஸ்க்கில் இடம் நிறையத் தேவைப்படும் என்பதால் வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரைக் காலி செய்ய மறக்க வேண்டாம்.